ரங்கூனில் எரிந்த கடை

மொன்றியலுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூலி கொடுத்தால் எந்த ஊராகவும் வேடம் கட்டும். பழைய துறைமுகத்துக் கல் கட்டடங்களுக்கு முன்னால் இரண்டு குதிரை வண்டியை நிறுத்திவிட்டால் அது நூறு வருடத்துக்கு முந்திய பாரிஸ். குப்பைத் தொட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு நாலு மஞ்சள் டாக்சி விட்டால் நியூயோர்க். நான் பார்த்த ஆங்கிலப் படங்களில் இந்த நகரம் எத்தனையோ பேரில் வந்து போயிருக்கிறது. தன் சொந்தப் பேரில் வந்ததை நான் கண்டதில்லை. இதைச் சொல்லி நக்கலடிக்கிற தகுதி எனக்கு இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வேடத்தில் ஒரு துண்டை எடுத்து வந்து உண்மை என்று நீட்டியவன் நான்.

எமிலியானுஸ் அண்ணை காலமானபோது, நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரச் சொல்லி அவருடைய மூத்த மகள் என்னிடம்தான் வந்தாள். அப்பாவுக்கு ஆக நெருங்கிய ஆள் நீங்கள்தானே என்றாள். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மட்டக்களப்பில் பிறந்தார், திருகோணமலையில் தொழில் செய்தார், 1984 இல் கனடா வந்தார், மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை அவர் எழுதியது, நேர்மையான மனிதர். எல்லாம் உண்மை. அந்தப் பக்கத்தில் எழுதாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்பத்துநாலில் நாங்கள் ஆறு பேர், பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடு ஒன்றில் ஒன்றாக இருந்தோம். நான் யாழ்ப்பாணத்துக்காரன், பெயர் நகுலேஸ்வரன், வயது இருபத்துநாலு, ஆங்கிலம் தெரியும் என்று தலைக்கனம். எமிலியானுஸ் அண்ணைக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஒல்லியான ஆள். விரல் நகத்தில் பெயின்ட் இல்லாவிட்டால் கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல இருப்பார். அவரோடு தெருவில் நடப்பது பெரிய தொல்லை. மெற்றோவிலிருந்து வீட்டுக்கு இருபது நிமிட வழி. அவரோடு வந்தால் முக்கால் மணித்தியாலம். டெப்பனர் என்று இங்கே சொல்கிற மூலைக்கடை ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பலகையைப் பார்ப்பார். பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் எழுத்தின் உடம்பு அவருக்குத் தெரியும். "இந்த எழுத்து விழப்போகுது தம்பி, கால் மெல்லிசா வச்சிட்டான்" என்பார். எனக்குக் குளிரில் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

திருகோணமலையில் அவருக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. பெயர்ப்பலகை எழுதுவது, படங்களுக்குச் சட்டம் போடுவது. மனைவியின் பெயரை வைத்து 'யோகமலர் ஆர்ட்ஸ்' என்று போட்டிருந்தார். தான் எழுதுகிற எந்தப் பலகையிலும் வலது மூலையில் ஐந்து இதழில் ஒரு நந்தியாவட்டைப் பூ போட்டுவிடுவார். அதுதான் அவருடைய கையெழுத்து. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அந்தக் கடையை எரித்தார்கள். உடுத்த துணியோடு மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்கு ஓடி, அவர்களை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, கடன்பட்டுத் தனியாக இங்கே வந்தார். அவருடைய கதையில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதை நீங்கள் மனதில் வைத்திருக்க வேண்டும்.

அந்த வருடம் நொவெம்பரில், நாங்கள் உடுப்புத் தோய்க்கிற கடையின் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். சினிமாவுக்கு ஆசிய முகங்கள் தேவை, நாள் கூலி, மத்தியானச் சாப்பாடு உண்டு. ஆங்கிலம் தெரிந்த பெருமையில் நான் பதினொரு பேரைத் திரட்டிக்கொண்டு போனேன்.

படத்தில் அந்த ஊர் ரங்கூன். உலக யுத்தக் காலம், குண்டு விழுகிற நேரம். துறைமுகத்துக்குக் கிட்ட கல் கட்டடச் சந்து ஒன்றை எடுத்து, மூங்கில் தட்டி கட்டி, தகரம் அடித்து, பிளாஸ்டிக் வாழைமரம் நட்டு, ஒரு மாட்டு வண்டியும் விட்டிருந்தார்கள். மாட்டுக்கு இடையிடையே கம்பளி போர்த்தினார்கள். எங்களுக்கு வேட்டியும் பெனியனும். வாயிலிருந்து ஆவி வந்தால் ரங்கூன் கெட்டுவிடும் என்பதால், கமெரா ஓடுவதற்கு முதல் ஆளுக்கொரு ஐஸ் துண்டை வாயில் போடச் சொன்னார்கள். வாயும் வெளியும் ஒரே குளிராக இருந்தால் ஆவி தெரியாதாம். பல் கிட்டிக்கிற குளிரில், வாயில் ஐஸோடு, வெயில் தாங்காதவன் மாதிரி நான் நெற்றியைத் துடைத்தேன்.

ரங்கூனில் அந்தக் காலத்தில் தமிழ்க் கடைகள் நிறைய இருந்தன என்று யாரோ புத்தகம் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பலகைகளில் தமிழ் இருந்தது. எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. அப்பளப் பைக்கற்றின் முதுகைப் பார்த்து வரைந்திருக்கிறார். மூலையில் நின்ற நகைக்கடையின் பெயர் 'சூடான எண்ணெயில் பொரித்து எடுக்கவும்'. அடுத்த துணிக்கடையின் பெயர் 'ஈரம் படாமல் வைக்கவும்'. நாங்கள் வாயிலிருந்த ஐஸ் வெளியே விழச் சிரித்தோம். எமிலியானுஸ் அண்ணை சிரிக்கவில்லை. யாரோ அவரைக் கை நீட்டி அடித்த மாதிரி நின்றார்.

"தம்பி, உதைப் பாத்துக்கொண்டு என்னால நிக்க ஏலாது. ஒரு பிரஷ் தரச் சொல்லிக் கேள்" என்றார்.

கேட்டேன். பலகைகளுக்குப் பொறுப்பாக ஒரு தாடிக்காரர் இருந்தார். போனால் போகட்டும் என்று ஒரு பிரஷைக் கொடுத்தார். அண்ணை கோடு பிடிக்காமல், அளவு பார்க்காமல், ஒரே இழுப்பில் ஒரு 'க' எழுதியதைக் கண்டதும் தாடிக்காரர் அவருடைய பெனியனைக் கழற்றச் சொல்லி, தடித்த கோட்டு ஒன்றைக் கொண்டு வந்து போர்த்தினார். மூன்று நாளில் ஒன்பது பலகை. எட்டுப் பலகைக்குப் பெயர் வைக்க அவருக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. ஒன்பதாவதுக்கு என்னிடம் கேட்டார்.

"இதுக்கு என்ன பேர் போடுவம்?"

"உங்கடை விருப்பம் அண்ணை. இஞ்சை ஆர் வாசிக்கப் போறாங்கள்?"

'யோகமலர் ஆர்ட்ஸ்' என்று எழுதினார். மூலையில் பூவும் போட்டார்.

குண்டு விழுந்து எரிய வேண்டிய கடை அதுதான் என்று எங்களுக்கு மறுநாள்தான் தெரியும். கதவுக்குப் பின்னால் காஸ் குழாய் வைத்து எரித்தார்கள். கதாநாயகன் சரியாக ஓடவில்லை என்று அணைத்துவிட்டுத் திரும்ப எரித்தார்கள். அப்படி நாலு தடவை. தீ பலகையில் ஏறுவதும், ஒருவன் விசில் ஊத அணைவதும், திரும்ப ஏறுவதுமாக இருந்தது. மூன்றாவது தடவை எமிலியானுஸ் அண்ணை நிலத்தில் குந்திவிட்டார். நன்றாக நடிக்கிறார் என்று நினைத்து ஒருவர் வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார்.

எல்லாம் முடிந்தபிறகு, எந்தப் பொருள் எங்கே கிடந்தது என்று ஞாபகம் வைப்பதற்காக ஒரு பெண் உடனே படம் வருகிற கமெராவால் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணையின் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, ஒரு படத்தை அவர் கையில் கொடுத்தாள். பாதி கருகிய பலகை, கரிக்கதவு, கவிழ்ந்த கதிரை, கொஞ்சம் புகை, ஓரத்தில் ஒரு துண்டுக் கல் சுவர். மனிதர் ஒருவரும் இல்லை. அதை அவர் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.

தை மாதம் அவருடைய அகதி விசாரணை நடந்தது. அப்படி ஒரு கடை இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று அதிகாரி கேட்டாராம். அண்ணையிடம் ஒரு துண்டும் இல்லை. எங்கள் வக்கீலம்மா ஒரு பிரெஞ்சுக்காரி, நல்ல மனுசி. அவவின் கந்தோருக்குத் தமிழ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்ப்பது நான்தான். கடதாசியோ படமோ ஏதாவது இருந்தால் ஒரு மாதத்துக்குள் கொண்டு வரச் சொன்னா. அன்று வீட்டுக்கு வந்து அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். யோசனை எனக்குத்தான் வந்தது.

"அந்தப் படத்தைக் குடுப்பம் அண்ணை."

"விசரா உனக்கு? அது ரங்கூன்."

"ரங்கூனும் இல்லை, மொன்றியல். உங்கடை கடை எரிஞ்சது உண்மையோ பொய்யோ?"

"உண்மை."

"பலகையிலை இருக்கிறது ஆற்றை கடைப் பேர்?"

"என்ட கடைப் பேர்."

"எழுதினது ஆர்?"

"நான்தான்."

"பிறகென்ன?"

எவ்வளவு கெட்டித்தனமாகப் பேசினேன் என்று அன்று எனக்கே பெருமையாக இருந்தது. அண்ணை இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தார். மூன்றாம் நாள் யோகமலர் அக்காவின் கடிதம் வந்தது. இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் அனுப்பப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தா. அவர் வேதாகமத்தைத் திறந்து படத்தை எடுத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

உடனே வருகிற படம் என்பது அதன் வெள்ளை விளிம்பில் தெரியும். அதை மறைக்க, ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்து அந்தப் படத்தையே திரும்பப் படம் எடுப்பித்தேன். இரண்டு பிரதி எடுப்பித்தேன். ஒன்று அவருடைய கோப்புக்கு. மற்றது என்னுடைய கோப்புக்கு.

இதை அவரிடம் சொல்லவில்லை. என்னுடைய கடை எதுவும் எரியவில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு கல்லும் விழவில்லை. ஜேர்மனியில் இருந்த தமையன் காசு அனுப்பினான், நான் வந்தேன், அவ்வளவுதான். கோப்பு நோஞ்சானாகக் கிடந்தது. திருகோணமலையில் இந்தக் கடையில்தான் நான் கணக்கெழுதினேன், எரிக்கும்போது பின்கதவால் ஓடித் தப்பினேன் என்று ஒரு பக்கம் எழுதி, படத்தையும் சேர்த்து, வக்கீலம்மாவிடம் கொடுக்காமல் நானே நேரில் அதிகாரியின் கந்தோரில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அண்ணையின் துக்கத்தை அவர் தூங்கும்போது அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்த மாதிரியான வேலை அது. அன்று அப்படித் தோன்றவில்லை. இப்போது தோன்றி என்ன பயன்.

எங்களுக்குக் கீழ் வீட்டில் அருளம்மா என்று ஒரு அக்கா இருந்தா. அவவும் திருகோணமலை. சபானல் வீதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. புருசன் சிவானந்தம் அங்கே தேநீர்க் கடை வைத்திருந்தவர். அவர் பெயர் எங்கோ ஒரு பட்டியலில் இருந்ததால் விமான நிலையம் தாண்ட முடியாது என்று அக்காவை முதலில் அனுப்பிவிட்டு, ஊர் ஊராக ஒளித்துத் திரிந்தார். அக்காவின் அகதிக் கோரிக்கை சரிவந்தால்தான் அவரைக் கூப்பிட வழி பிறக்கும். அவவிடம் ஒரு படம் இருந்தது. உண்மையான படம். எரிந்த தேநீர்க் கடையை ஒரு உறவுக்காரர் இரவல் கமெராவால் எடுத்தது. வங்கியில் வைக்கிற நகை மாதிரி அதை ஒரு துணியில் சுற்றி வைத்திருப்பா.

சித்திரையில் அவவின் விசாரணை. அக்காவுக்கும் எங்கள் வக்கீலம்மாதான், ஆனால் அன்று அவ வரவில்லை. போன அன்று பின்னேரம் நானும் அண்ணையும் என்னவாயிற்று என்று கேட்கக் கீழே போனோம். அக்கா எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னா.

"என்ட படத்தை மேசையில வச்சிட்டு, அந்த மனுசன் வேற இரண்டு படத்தையும் எடுத்துப் பக்கத்தில வச்சான். இரண்டும் ஒரே படம். ஒரு கடை எரிஞ்சு கிடக்கு. இது இஞ்ச துறைமுகத்தடியில சினிமாக்காரர் கட்டின கடையாம். தான் பிறந்து வளந்த ஊராம், அந்தக் கல்லைத் தனக்குத் தெரியுமாம். மறுகா என்ட படத்தில ஒரு மூலையைக் காட்டினான். அதில ஒரு பூ. அந்தப் படத்திலயும் அதே பூ, அதே எழுத்து. நீயும் அந்தச் சினிமாவுக்குப் போனியா எண்டு கேட்டான்."

அக்காவுக்குத் தன் கடைப் பலகையில் ஒரு பூ இருந்ததே அதுவரை தெரியாது. பலகைக்கு ஆள் பிடித்தது புருசன். அந்த ஆள் யார் என்று எனக்கு உடனே தெரிந்தது. அண்ணை தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஆர் அந்த வேலை பாத்ததெண்டு தெரியா" என்றா அக்கா. "அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கும். ஆனா இவர் அங்க காட்டுக்குள்ள கிடக்கிறார்."

வெளியே இரும்புப் படியில் அண்ணை உட்கார்ந்துவிட்டார். அவருடைய பூதான் அந்தப் பெண்ணைப் பொய்க்காரி ஆக்கியது. அவர் ஊரில் எழுதிய பலகையும் இங்கே எழுதிய பலகையும் ஒரே கைதான். அதனால்தான் உண்மையும் வேடமும் ஒன்றாகப் போய்விட்டன. அதைப் பிரித்துச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

"இரண்டு படமாமே தம்பி. நாம ஒண்டுதானே குடுத்தம்?" என்று கேட்டார்.

"அவங்கள் பிரதி எடுத்திருப்பாங்கள்" என்றேன்.

"என்னை வக்கீலம்மாட்ட கூட்டிக்கொண்டு போ. எல்லாத்தையும் சொல்லப் போறன். என்ட படம் பொய், அருளம்மாட படம் உண்மை, இரண்டு பூவும் என்ட கை. வேணுமெண்டா அவங்களுக்கு முன்னால எழுதிக் காட்டுறன்."

"உங்களைத் திருப்பி அனுப்பினால்? பிள்ளையள்?"

"அனுப்பினா அனுப்பட்டும். அந்த மனுசன்ட உயிரை வச்சு என்ட பிள்ளையளக் கூப்பிட ஏலாது."

எனக்கு அவர் மீது கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், மதிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் வாயைத் திறந்தால், இரண்டாவது பிரதி யாருடையது என்று தேட வெகுநேரம் ஆகாது.

வக்கீலம்மாவின் கந்தோரில் அண்ணை பத்து நிமிடம் பேசினார். ஒன்றையும் மறைக்கவில்லை. காஸ் குழாயைச் சொன்னார், வேதாகமத்தைச் சொன்னார், சிவானந்தத்தின் கடைப் பலகையை எந்த வருடம் எழுதினார், என்ன நிறப் பெயின்ட் என்றெல்லாம் சொன்னார். கடைசியில் கைக்குட்டை எடுக்க மறந்து சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஆங்கிலத்தில் மூன்று வசனம் சொன்னேன். இவர் மனைவி பிள்ளைகளை நினைத்துப் பயப்படுகிறார். கோப்பைக் கொஞ்சம் விரைவாகப் பார்க்கச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார். உங்களை மிகவும் நம்பியிருக்கிறார்.

வக்கீலம்மா எழுந்து வந்து அண்ணையின் கையைப் பிடித்தா. "அழ வேண்டாமென்று சொல்லுங்கள். எனக்கு எல்லாம் விளங்குகிறது. என்னால் முடிந்ததைச் செய்வேன்" என்றா.

அதை மட்டும் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன்.

அண்ணை திரும்பி வரும் வழியில் மெற்றோவுக்குள் நித்திரையாகிவிட்டார். பல மாதங்களாக அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. தலை என் தோளில் விழுந்தது. இறங்க வேண்டிய இடத்தில் எழுப்ப மனமில்லாமல் அடுத்த ஸ்டேசன் வரை போனேன். அது பாசமா பயமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்று பின்னேரமே அவர் கீழே போய் அருளம்மா அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் மேலே இருந்து காது கொடுத்துக்கொண்டிருந்தேன். கத்துவா, மண்ணை வாரித் தூற்றுவா என்று நினைத்தேன். குழாயைத் திறந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க போய்ச் சொன்னீங்களே அண்ணன், அது காணும்" என்றா. அன்றிலிருந்து இருவரும் அந்தச் சொல்லுக்குப் பதில் வரும் என்று காத்திருந்தார்கள். மாதத்துக்கு ஒரு தடவை அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு வக்கீலம்மாவிடம் போவா. அண்ணன் சொன்னதை அனுப்பினீர்களா என்று கேட்பா. நான் வக்கீலம்மாவிடம், முடிவு வர எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்பேன். பொறுத்திருக்க வேண்டும் என்பா அவ. "அனுப்பியாச்சாம் அக்கா, பொறுத்திருக்கட்டாம்" என்பேன். ஒவ்வொரு தடவையும் அக்கா எனக்கு பஸ்சுக்குக் காசு கொடுப்பா. வாங்கிக்கொள்வேன், வாங்காவிட்டால் சந்தேகம் வரும் என்று நினைத்தேன்.

ஐப்பசியில் மறுப்புக் கடிதம் வந்தது. படத்தை நம்ப முடியாததால் அவவின் மற்றச் சொற்களையும் நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதை வாசித்துச் சொன்னதும் நான்தான். மேன்முறையீடு போட்டார்கள். தை மாதம், ஒரு சுற்றிவளைப்பில் சிவானந்தத்தைப் பிடித்துக்கொண்டு போனதாகச் செய்தி வந்தது. அதன் பிறகு அவரைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. அக்காவின் கோரிக்கை முதலிலேயே சரிவந்திருந்தால் அவர் தப்பியிருப்பாரா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சக் காலம் தூங்கினேன். பிறகு அதுவும் உதவவில்லை.

அந்த இளவேனிலில் படம் வெளிவந்தது. அண்ணை வரமாட்டேன் என்றுவிட்டார். நான் தனியே போனேன். திரையில் 'ரங்கூன், 1942' என்று விழுந்தது. எங்கள் சந்து வந்தது, வெயில் மாதிரி வெளிச்சம், மாடு, வாழைமரம். நான் நெற்றியைத் துடைத்தது இல்லை, வெட்டிவிட்டார்கள். கடை எரிந்தது மூன்று நான்கு செக்கன் இருக்கும். கமெரா கதாநாயகனின் முகத்தில் இருந்ததால் பலகை மங்கலாகத்தான் தெரிந்தது. எனக்குப் பின்னால் இருந்த ஒரு வயதான மனிதர் மனைவியிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். துறைமுகத்தடித் தெருவின் பெயர் என் காதில் விழுந்தது. இருவரும் சிரித்தார்கள். மூங்கில் கட்டினாலும் தகரம் அடித்தாலும் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தங்கள் ஊர்க் கல் தெரியும். முழு உலகத்தையும் ஏமாற்றலாம், இந்த ஊர்க்காரரை ஏமாற்ற முடியாது. அது தெரியாமல்தான் இந்த ஊர்க்காரன் ஒருவனுடைய மேசையில் கொண்டுபோய் அந்தப் படத்தை வைத்தேன். படம் முடியப் பொறுக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வருடமே, தேங்கிக் கிடந்த அகதிக் கோப்புகளையெல்லாம் அரசாங்கம் ஒன்றாக எடுத்துத் தீர்க்கத் தொடங்கியது. வேலை செய்து பிழைக்கிறவனா என்பதுதான் கேள்வி. படத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. எமிலியானுஸ் அண்ணைக்கு ஒரு பலகை எழுதும் பட்டறையில் வேலை இருந்தது, கிடைத்துவிட்டது. எனக்கும் கிடைத்தது. அருளம்மா அக்காவுக்கும் கிடைத்தது. அவவுக்கு அதை வைத்துக் கூப்பிட ஆள் இருக்கவில்லை.

அண்ணை தன் கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "பாத்தியா தம்பி, பொய்யை ஒத்துக்கொண்ட ஆளெண்டு தெரிஞ்சும் விட்டிட்டாங்கள். பெரிய மனம் உள்ள சனம்" என்றார். பிறகு சாகும்வரை இந்த நாட்டைப் பற்றி யார் ஒரு குறை சொன்னாலும் அவருக்குப் பொறுக்காது. அந்த நன்றியில் இம்மியும் இந்த நாட்டுக்குச் சேரவேண்டியது அல்ல என்று நான் எப்படிச் சொல்வது?

எண்பத்தெட்டு ஆனியில் யோகமலர் அக்காவும் இரண்டு பிள்ளைகளும் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அடுத்த ஞாயிறு அண்ணையின் புதுவீட்டில் சாப்பாடு. சமைத்தது அருளம்மா அக்கா. வந்த களைப்பில் இருக்கிற பிள்ளை அடுப்படிக்கு வரக்கூடாது என்று யோகமலர் அக்காவை இருத்திவிட்டு, இடியப்பமும் சொதியும் மீன்குழம்பும் அவவே பரிமாறிக்கொண்டிருந்தா. அண்ணை மனைவிக்குக் கதை முழுவதையும் சொன்னார். சினிமாவையும், ஐஸ் துண்டையும், எண்ணெயில் பொரித்தெடுக்கிற நகைக்கடையையும் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். பிறகு வக்கீலம்மாவிடம் போன கதைக்கு வந்தார்.

"இந்தத் தம்பி இல்லாட்டி நான் அண்டைக்கு மனுசனா வெளிய வந்திருக்க மாட்டன், யோகம். அவ்வளவத்தையும் இங்கிலிசில எடுத்துச் சொன்னது இவன்தான்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்துவிட்டது. "நகுல், ஒண்டு மட்டும் எனக்கு மனசுக்குள்ள கிடந்து அரிக்குது. நான் அழுதழுது சொன்னதில விட்டுப்போச்சோ தெரியா. அருளம்மாட பலகை என்ட கைதான் எண்டதை நீ சொன்னனிதானே?"

அருளம்மா அக்கா அகப்பையோடு நின்றுவிட்டா. வக்கீலம்மா அனுப்பினாவா என்று கேட்டிருக்கிறாவே தவிர, மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட, நான் சொன்னேனா என்று அவ என்னிடம் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை; என் முகத்தைப் பார்த்தா, அவ்வளவுதான். பிள்ளைகள் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம் அண்ணை" என்றேன். "சொன்னனான்."

"பிறகென்ன" என்றா அக்கா, ஒரு பெருமூச்சோடு. "சொல்ல வேண்டிய ஆக்கள் எல்லாரும் சொல்லித்தான் இருக்கிறீங்கள். கேக்காதது அவங்கட பிழை." என் தட்டில் இன்னும் இரண்டு இடியப்பத்தை வைத்து, சொதியை நிறைய ஊற்றினா. "சாப்பிடும் தம்பி. மெலிஞ்சு போனீர்."

சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லி, திரும்பவும் வாங்கிச் சாப்பிட்டேன்.